அம்மாவின் கண்ணில் ஊர்ந்தது

"அம்மா, அம்மாச்சி கண்ணுல நூல் ஒண்ணு ஓடுது."

என் சின்ன மகன் இதைச் சொன்னபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரவு எட்டரை மணி இருக்கும். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து அம்மா தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். "நூல் எப்படிடா ஓடும், ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று கையைத் துடைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

ஓடத்தான் செய்தது. இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில், காதுப் பக்க ஓரத்தில், மேல்படலத்துக்கு அடியில் மெல்லிசாக ஒன்று வளைந்து கிடந்தது. வெந்த சேமியா அளவுக்குக் கனம், அதே நிறம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு முனை நிமிர்ந்தது, கருவிழிப் பக்கமாக வந்தது, பிறகு மடங்கித் திரும்பியது. அம்மா வலிக்கிறது என்று சொல்லவில்லை. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

என் கணவர்தான் நிதானமாக இருந்தார். "அத்தை, அப்படியே மூக்கைப் பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிக் கைபேசியில் படம் பிடித்தார். 40 வினாடி. அந்த 40 வினாடிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. இதே மாதிரி யாருக்காவது நடந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நல்ல வெளிச்சத்தில், கையை எதிலாவது ஊன்றிக்கொண்டு, கண்ணை இடம் வலம் மேல் கீழ் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கச் சொல்லி எடுங்கள். இமையை மெதுவாகப் பிடிக்கலாம், அழுத்தக் கூடாது. எடுத்த பிறகு கிளம்புங்கள்.

இதற்கு ஆறு வாரம் முன்பே அம்மாவின் கண் சிவக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் இமை வீங்கும், மறுநாள் இறங்கிவிடும். அப்புறம் புருவத்துக்குப் பக்கத்தில் வீங்கும், அதுவும் இறங்கும். பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் காட்டினோம். ஒவ்வாமை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டதும் சிவப்பு அடங்கியது, நிறுத்தியதும் திரும்பியது. மறுபடி போனபோது வேறு சொட்டு மருந்து. அங்கே யாரும் அக்கறையில்லாமல் பார்த்ததாக நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த நேரத்தில் அங்கே சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் வீக்கம் இடம் மாறுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. "கண் வீங்கியிருக்கு" என்று மட்டும்தான் சொன்னேன். இடம் மாறும் வீக்கம் என்பதே இந்த நோயின் பெரிய அடையாளம் என்று பின்னால் கண் மருத்துவர் சொன்னபோது மனசு கஷ்டமாக இருந்தது.

அதைவிடக் கஷ்டமான ஒன்று அன்று இரவு டாக்சியில் தெரியவந்தது. நாங்கள் ஊட்ரம் பக்கம் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"ராத்திரில ஊருறது தெரியும். கண்ணாடியில ஒரு தடவ பாத்துட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு."

ஏன் சொல்லவில்லை என்று நான் கோபத்தோடு கேட்டேன். கோபப்பட்டிருக்கக் கூடாது. அவர் சொன்ன பதில்: "கண்ணுல புழு வைக்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன் பாப்பா? வெளியில தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

பங்குனி உத்திரத்துக்குப் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு எப்போதும் முதல் ஆளாகக் கிளம்புகிறவர், அந்த வருஷம் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். அது முழங்கால் வலி இல்லை என்று எனக்கு அந்த டாக்சியில்தான் புரிந்தது. நம் பேச்சில் "புழுத்துப் போவாய்" என்பது ஒரு சாபம். உயிரோடு இருக்கிற உடம்பில் புழு என்றால் அது செய்த வினை, இல்லாவிட்டால் அசுத்தம். 68 வயது வரை ஒருநாள் கூடக் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்காத மனுஷி அவர். அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை. அதனால் இரண்டு வாரம் இருட்டில் படுத்துக்கொண்டு, அது ஊர்வதைத் தனியாகத் தாங்கியிருக்கிறார்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மருத்துவமனையில் எங்கள் முறை வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. புழு போய்விட்டது. தாடையைத் தாங்கவைத்துப் பார்க்கும் அந்தக் கருவியில் இளம் மருத்துவர் பத்து நிமிஷம் தேடினார். லேசான சிவப்பு மட்டும்தான். நான் கைபேசியை நீட்டினேன். பார்த்தார், மறுபடி பார்த்தார், எழுந்து போய் மூத்த மருத்துவரை அழைத்து வந்தார். இந்தப் படம் இல்லாமல் வந்திருந்தால் கண் வறட்சி என்று எழுதி அனுப்பியிருப்பேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மூத்த மருத்துவர் சீனப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கலாம். அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பது. ஆப்பிரிக்கா போனதுண்டா என்று இரண்டு தடவை கேட்டார். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்று ஒரு கண் புழு உண்டு. ஒருவகை ஈ கடித்துப் பரவுவது, அதற்கு வைத்திய முறையே வேறு. அம்மா சிங்கப்பூரையும் தமிழ்நாட்டையும் விட்டால் போனது கேரளாதான். போன வருஷம் பாலக்காட்டில் சித்தி வீட்டில் நான்கு மாதம் தங்கி, அக்டோபரில்தான் திரும்பினார். சித்தி வீட்டில் நாய் இருக்கிறதா, கொசு உண்டா என்று கேட்டார். வீட்டில் இரண்டு, தெருவில் கணக்கில்லை. கொசுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சாயங்காலம் திண்ணையில் உட்காராவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

அப்போதே அவருக்கு ஒரு ஊகம் இருந்தது. டைரோஃபைலேரியா ரெபென்ஸ். நாயின் தோலுக்கு அடியில் வாழ்கிற புழு. அதன் குஞ்சுகள் நாயின் ரத்தத்தில் சுற்றும். நாயைக் கடித்த கொசுவின் வயிற்றுக்குள் போய் இரண்டு வாரம் போல வளரும். அந்தக் கொசு நம்மைக் கடித்தால் உள்ளே வந்துவிடும். நம் உடம்பு அதற்குச் சரியான வீடு இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் பிழைக்கும், துணையில்லாமல் தோலுக்கு அடியில் மாதக்கணக்கில் அலையும். கண்ணுக்கு வந்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். இலங்கையிலும் கேரளாவிலும் இது கண் மருத்துவர்களுக்குப் பழக்கமானது. சிங்கப்பூரில் அபூர்வம்.

இதை நான் தமிழில் சொல்லும்போது "ஃபைலேரியா" என்ற சொல் அம்மா காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அம்மா பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். யானைக்கால் நோய் பரவியிருந்த வட்டாரம் அது. சின்ன வயதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கோடு ஆட்கள் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். "கால் வீங்கிடுமா?" என்றார். பிறகு நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தபோது, "இது ராத்திரிதானே, சரியாத்தான் எடுக்கறாங்க" என்று தானே தலையாட்டிக்கொண்டார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். "உங்கள் அம்மா சொல்வது யானைக்காலுக்கு முழுக்கச் சரி" என்றார். அந்தப் புழுவின் குஞ்சுகள் கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். கொசுவுக்குள் யானைக்கால் புழுக்கள் வளர்வதை 1877இல் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது சீனாவின் சியாமென் நகரில். சிங்கப்பூர் ஹோக்கியன் சீனர்களில் நிறையப் பேருக்கு முன்னோர் ஊர் அந்தப் பக்கம்தான், தன் தாத்தாவும் அங்கிருந்து வந்தவர் என்றார். ஆனால் இது யானைக்கால் புழுவின் தூரத்து உறவு மட்டும். காலை வீங்க வைக்காது. துணையில்லாத புழு என்பதால் ரத்தத்தில் குஞ்சு விடுவதும் மிக அரிது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். இப்போது ரத்தம் எடுப்பது வெள்ளணு கணக்குக்காக, எந்த நேரத்தில் எடுத்தாலும் சரி.

பிறகு அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்: "அம்மா, இது அழுக்கால் வரவில்லை. கொசு கடித்து வந்தது. டெங்கி வந்தவரை யாராவது பாவி என்பார்களா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வலது கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். இடது கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று இரவே கண்பாவையை விரிய வைக்கும் மருந்து போட்டுக் கண்ணின் உட்பக்கத்தையும் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். உள்ளே எதுவும் இல்லை. புழு மேல்படலத்துக்கு அடியிலும் கண்குழியின் கொழுப்பிலும் போய்வந்துகொண்டிருக்கிறது, விழிக்கோளத்துக்குள் நுழையவில்லை. இது பெரிய ஆறுதல். அப்புறம் ஒரு தொலைபேசி எண் கொடுத்து, மறுபடி தெரிந்தால் எந்த நேரமானாலும் உடனே வரச் சொன்னார்கள். தெரியாத புழுவைத் தேடிக் கண்ணைக் கிளற மாட்டார்கள்.

நான் அப்போது கேட்ட கேள்வியை எல்லோரும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். பூச்சி மாத்திரை கொடுத்துக் கொன்றுவிட்டால் என்ன? வயிற்றில் பூச்சி என்றால் மாத்திரை போட்டால் வெளியே போய்விடுகிறதே. மருத்துவர் சொன்னது: வயிற்றுக்கு வாசல் இருக்கிறது, இங்கே இல்லை. மாத்திரையில் செத்தால் அங்கேயே கிடக்கும், செத்த புழுவை உடம்பு சும்மா விடாது, சுற்றி வீங்கிக் கட்டியாகிவிடும். முழுசாக வெளியே எடுத்துவிட்டால் அதுவே சிகிச்சை, இந்த நோய்க்குப் பெரும்பாலும் வேறு மருந்து தேவைப்படாது.

இன்னொரு ஒட்டுண்ணியையும் உதாரணம் காட்டினார், அதை நான் மறக்கவே மாட்டேன். பன்றி நாடாப்புழுவின் முட்டை, சரியாகக் கழுவாத கைகள், காய்கறி வழியாக வயிற்றுக்குள் போனால் அதன் இளம்பருவம் நீர்க்கட்டியாக மூளையிலோ கண்ணிலோ போய்த் தங்கும். பன்றிக்கறியே தொடாத சைவர்களுக்கும் வரும். அது கண்ணின் உட்பக்கத்தில், விழித்திரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது அவசரப்பட்டு மாத்திரை கொடுத்தால், கட்டி செத்து உண்டாகும் அழற்சியிலேயே பார்வை போய்விடலாம். அதனால்தான் அந்த நோய்க்கு மாத்திரை தொடங்கும் முன் கண்ணுக்குள் பார்க்கிறார்கள். உள்ளே இருந்தால் கண்ணுக்குள்ளிருக்கும் கூழ்ப்பொருளை அகற்றும் அறுவை செய்து, கட்டியை முதலில் வெளியே எடுப்பார்கள். எங்கள் உறவில் ஒரு பெரியப்பா, விஷயம் தெரிந்ததும் ஊரிலிருந்து போன் செய்து, "ரெண்டு பூச்சி மாத்திரை போட்டா போச்சு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கண் விஷயத்தில் அப்படிச் சொல்லாதீர்கள்.

மாத்திரையோடு நின்றதா, அதுவும் இல்லை. தாய்ப்பால் விடச் சொன்னார்கள், நந்தியாவட்டைப் பூ ஒற்றச் சொன்னார்கள், ஒருவர் வெங்காயச் சாறு என்றார். பூவைக் குளிர்ச்சிக்கு மூடிய இமைமேல் வைப்பது வேறு. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். புழுவோடு கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டிவரும்.

மூன்று நாள் காத்திருந்தோம். அந்த மூன்று நாளைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. அம்மா தூங்கவில்லை. நான் அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு அவர் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். மணிக்கு ஒரு தடவை விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

நான்காம் நாள் காலை அம்மா தோசை சுட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், "பாப்பா, பாரு" என்றார். வந்துவிட்டது. இந்தத் தடவை நடுவில், கருவிழிக்கு ஒட்டி. அடுப்புச் சூட்டுக்குத்தான் மேலே வந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். அந்த எண்ணுக்கு அழைத்தேன், ஒரு படம் பிடித்தேன், டாக்சி ஏறினோம். யீஷூனிலிருந்து ஊட்ரம் வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். மெதுவாகப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, ஆனால் மறையவில்லை.

பதிவு மேசையில் நிற்க வைக்காமல் நேராகச் சின்ன அறுவை அறைக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதால் என்னையும் தொப்பி, அங்கி போட்டு உள்ளே விட்டார்கள். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் மொழி தெரியாத முதியவருக்குக் கண் அறுவை என்றால் கேட்பதில் தப்பில்லை. அங்கே ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ் நர்ஸும் இருந்தார். "அம்மா, பயப்படாதீங்க, மரத்துப்போற மருந்துதான் விடறேன், கொஞ்சம் எரியும்" என்று அவர் சொன்னதும் அம்மாவின் கைப்பிடி தளர்ந்ததை நான் உணர்ந்தேன்.

கண்ணுக்கு மயக்க ஊசி போடவில்லை. சொட்டு மருந்து மட்டும். ஊசி போட்டால் அந்த இடம் நீர்கோத்து வீங்கிவிடும், புழு தெரியாமல் போய்விடும் என்றார் மருத்துவர். கம்பியால் செய்த சின்னக் கவ்வியால் இமைகளை விரித்து வைத்தார்கள். மேலே நுண்ணோக்கி, அதில் தெரிவதெல்லாம் பக்கத்துத் திரையில் பெரிதாகத் தெரிந்தது. விளக்கு வெளிச்சம் பட்டதும் அது வேகமாக நகர ஆரம்பித்தது. ஓரத்துக்குப் போய் மடிப்புக்குள் நுழையப் பார்த்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மருத்துவர் வெட்டவில்லை. முதலில் படலத்தோடு சேர்த்து இடுக்கியால் அதைப் பிடித்தார், நகர முடியாதபடி. பிடித்துக்கொண்டே அதன் பக்கத்தில் படலத்தில் ஒரு வாய் வைத்தார், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பிடிக்காமல் வெட்டியிருந்தால் அது உள்ளே ஓடிவிடும் என்று பிறகு விளக்கினார்.

அந்த வாய் வழியாக ஒரு வளையம் வெளியே வந்தது. பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு அது எப்படி வந்தது என்று சொன்னால் புரியும். இரண்டு இடுக்கி. ஒன்று பிடித்திருக்க, இன்னொன்று கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும், பிறகு முதலாவது விட்டுவிட்டு முன்னால் போய்ப் பிடிக்கும். இழுக்கவே இல்லை. வருகிற அளவுக்கு வரவிட்டார். நடுவில் ஒரு தடவை அது உள்பக்கமாக இறுக்கியது, அவரும் அப்படியே நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தார். அறுந்தால் மீதி உள்ளே தங்கிவிடும். அறையில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் "முருகா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "கண்ணை அசைக்காதீங்கம்மா, காலை மட்டும் பாருங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசி முனை வழுக்கிக்கொண்டு வந்தது. உப்புநீர் இருந்த சின்னப் புட்டியில் போட்டார்கள். அதில் அது சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருண்டது. நீட்டி அளந்தபோது 9 சென்டிமீட்டர். மொத்தம் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. தானே கரையும் நூலில் ஒரு தையல், மருந்துக் களிம்பு, கண்ணுக்கு மூடி.

நர்ஸ் புட்டியைக் காட்டலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா, "காட்டுங்க, பாக்கணும்" என்றார். வலது கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

வெளியே எடுத்த புழுவைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் வீட்டில் ஒருவர், அதைப் போய்ப் பரிசோதிக்க என்ன இருக்கிறது, தூக்கிப் போட்டால் போச்சு, செலவு மிச்சம் என்றார். எந்தப் புழு என்று தெரிந்தால்தான் வேறு சிகிச்சை தேவையா இல்லையா என்று முடிவு செய்ய முடியும். ஊரில் ஏதாவது மருத்துவர் எடுத்தாலும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எதில் போட்டு அனுப்புவது என்பதையும் ஆய்வுக்கூடத்தைக் கேட்டுச் செய்ய வேண்டும். ஃபார்மலினில் ஊறிவிட்டால் மரபணுச் சோதனை கஷ்டமாகிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஊகித்தது சரிதான். நுண்ணோக்கிப் படத்தை மருத்துவர் திரையில் காட்டினார். அதன் தோல்மேல் நெடுக, ஒரே சீராக, வரப்பு வரப்பாகக் கோடுகள். உழவு ஓட்டிய வயல் மாதிரியே இருந்தது. நாயின் இதயத்தில் வாழும் இன்னொரு வகைக்கு அந்த வரப்பு கிடையாது, அதுதான் வித்தியாசம் என்றார். 'ரெபென்ஸ்' என்றால் லத்தீனில் ஊர்வது என்று அர்த்தமாம். அம்மாவுக்கு வேறு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. வெள்ளணு கணக்கும் சரியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுள்ள கவனிப்பில் யாரும் எங்களுக்கு முன்னால் சொல்லாமல் விட்டது ஒன்று. மூடியை எடுத்தபோது கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தச் சிவப்பாக இருந்தது. பயந்துபோய் அழைத்தேன். படலத்துக்கு அடியில் ரத்தம் கசிந்ததுதான், வலியோ பார்வை மங்கலோ இல்லை என்றால் காத்திருங்கள் என்றார்கள். இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்தது. வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, பீளை வந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். ஒரு வாரம் முகத்தில் தண்ணீர் படாமல் துணியால் துடைத்தோம். அம்மாவின் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஒரு மாதம் நின்றது, அதுதான் அவருக்குப் பெரிய குறை. தூங்கும்போது பிளாஸ்டிக் கவசம். சொட்டு மருந்தில் ஒன்று ஸ்டீராய்டு, நாள் கணக்குப்படிக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டியது. கண் சரியாகிவிட்டதே என்று நாமாக நிறுத்தவும் கூடாது, மிச்சம் இருக்கிறதே என்று எடுத்து வைத்து அடுத்த சிவப்புக்குப் போடவும் கூடாது. நாங்கள் முதலில் ஆறு வாரம் இழந்ததில் அப்படிச் சிவப்பை அமுக்கிய சொட்டு மருந்துக்கும் பங்கு உண்டு. செலவில் அறுவைக்கான தொகையை என் மெடிசேவிலிருந்து (சம்பளத்தில் மருத்துவத்துக்கென்று பிடித்துச் சேர்க்கும் கணக்கு) எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குத் தனியாக என்ன ஆகும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவர் கடைசிச் சந்திப்பில் என் பெரிய மகளையும் விடவில்லை. அவள் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். லென்ஸோடு குளிப்பாயா, நீச்சல் குளத்தில் இறங்குவாயா என்று கேட்டார். அவள் நெளிந்தாள். குழாய்த் தண்ணீரில்கூட இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற ஓரணு உயிரி லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், மாதக்கணக்கில் சொட்டு மருந்து, அதிலும் அடங்காவிட்டால் இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்கும் அறுவை வரை போகும் என்றார். பாட்டிக்கு வந்ததைவிட அது பல மடங்கு கொடியது என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே அவள் பழைய லென்ஸ் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

கொசு விஷயத்தில் சிங்கப்பூரில் நமக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து பூந்தொட்டித் தட்டைப் பார்க்கும்போது சலித்துக்கொள்கிறோமே, அதே கவனத்தை ஊருக்குப் போகும்போதும் கையோடு கொண்டுபோனால் போதும். விடுமுறைக்குப் போகிறவர்கள் ஊரில் போய் இறங்கியதும் அதை மறந்துவிடுகிறோம். சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டித் தைலம், ராத்திரி வலை. நாயை விரட்ட வேண்டியதில்லை. வளர்க்கிற நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டி அந்தப் புழுவுக்கு மருந்து கொடுக்கலாம். திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து வீக்கம் வந்தாலும், எங்கே போய் வந்தோம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். பாலக்காட்டை நான் அந்த மருந்தகத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கண் முழுசாக ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கைபேசியை என்னிடம் கொடுத்துச் சித்தியை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். கண் வலி என்றுதான் அதுவரை சித்திக்குச் சொல்லியிருந்தோம். நான் எழுந்து போகப் பார்த்தேன், "இரு" என்றார்.

"ஏ குட்டி, எனக்குக் கண்ணுல புழு இருந்துச்சு. ஆமா, புழுதான். எடுத்துட்டாங்க. உன் வீட்டுக் கொசுதான் கடிச்சிருக்கும் போல. நீ அழாத, கேளு. முதல்ல அந்தத் திண்ணைக்கு வலை அடி. பாப்பாகிட்ட வீடியோ அனுப்பச் சொல்றேன், பக்கத்து வீட்லயும் காட்டு."

அந்தப் பக்கம் சித்தி ஏதோ கேட்டார்.

"வெக்கம் என்னடி வெக்கம்," என்றார் அம்மா. "9 சென்டிமீட்டர். நானே பாத்தேன்."